கேனிஸ்டர் வேக்குவம் வாங்கலாமா? நாலறை வீடு, கம்பளம் கிடையாது

செங்காங் செல்வி | சனி, இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டுக் கம்பியில்லா ஸ்டிக் வேக்குவத்துக்கு நாலு வயது. பேட்டரி இப்போது எட்டு நிமிடம்தான் தாங்குகிறது. ஹாலை முடித்து அறைக்குள் நுழையும்போது அணைந்துவிடுகிறது. புதுப் பேட்டரி விலையைக் கேட்ட வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமே" என்கிறார். எனக்குத் திரும்பவும் ஸ்டிக் வேண்டாம். நல்லதாக ஒரு கேனிஸ்டர் (சக்கரம் வைத்த உடம்பு, நீள ஹோஸ் உள்ள வகை) வாங்கி, பத்து வருடம் அதைப் பற்றி நினைக்காமல் இருக்க ஆசை.

வீடு சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை. ஹாலும் சமையலறையும் டைல்ஸ், மூன்று படுக்கையறையும் வினைல். சோபாவுக்கு முன்னால் ஒரு சின்ன விரிப்பு, அவ்வளவுதான். மகளுக்கு எட்டு வயது. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல். தூசிப்பூச்சி ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அவளுக்கும் இடுப்பு வரை முடி. பகலில் வீட்டைப் பார்ப்பது என் அம்மா.

பட்ஜெட் 1,200 வெள்ளி. மனதில் இருப்பவை மூன்று: மீலே கம்ப்ளீட் சி3 (மோட்டார் வைத்த எலக்ட்ரோ பிரஷ் சேர்ந்தது), செபோ ஏர்பெல்ட், டைசன் பிக் பால். எதை எடுக்கலாம்? அம்மாவிடமும் கேட்டேன். "விளக்குமாறு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார்.

ஈசூன் ராஜா | சனி, இரவு 10.05

டைசன். யோசிக்கவே வேண்டாம். பை வாங்குகிற வேலையே இல்லை. தூசி எவ்வளவு சேர்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம், பட்டனை அழுத்திக் கொட்டலாம். பை வைத்த மெஷின் வாங்கினால் வாழ்நாள் முழுக்க அந்தக் கம்பெனிக்குச் சந்தா கட்டுகிற மாதிரிதான்.

மூக்கடைப்பு | சனி, இரவு 10.31

ராஜா, "பட்டனை அழுத்திக் கொட்டலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் பிரச்சினையே அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

எனக்கும் செல்வியின் மகளுக்கு வந்திருப்பதே. ஐந்து வருடம் பையில்லாத மெஷின் வைத்திருந்தேன். உறிஞ்சும்போது ஒன்றும் ஆகாது. கொட்டும்போதுதான் ஆபத்து. என் வீடு பழைய புளோக், குப்பை ஷூட்டின் (மாடியிலிருந்து குப்பையைக் கீழே போடும் குழாய்) வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. கீழிருந்து காற்று மேலே வரும். டப்பாவைத் திறந்து தட்டினால் பாதித் தூசி கீழே போகும், மீதி என் முகத்துக்கு வரும். அன்று இரவு முழுக்கத் தும்மல். 1989க்குப் பிறகு கட்டிய புளோக்குகளில் ஷூட் வெளியே, மின்தூக்கிப் பக்கம் பொதுவாக இருக்கும். செல்வியின் வீடு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காகத் தூசியை அப்படியே கொண்டுபோய்க் கொட்டவும் முடியாது. பிளாஸ்டிக் பைக்குள் கொட்டி, கட்டி எடுத்துப் போக வேண்டும். ஆக, பை எப்படியும் வேண்டும்.

இப்போது பை வைத்த மீலே. பையை வெளியே இழுத்தால் அதன் வாய் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு துகள் வெளியே வருவதில்லை. ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 7.15

செல்வி தங்கச்சிக்கு. இருபத்தைந்து வருடம் வீட்டு மின்சாதனம் பழுதுபார்த்தவன், இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாட்ஸ். கடையில் "2,000 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அது மெஷின் சாப்பிடுகிற மின்சாரம். உறிஞ்சுகிற வேகம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1,600 வாட்ஸுக்கு மேல் விற்கக் கூடாது என்றது, 2017 செப்டம்பரில் அதை 900 ஆகக் குறைத்தது. அதனால்தான் இன்றைய ஜெர்மன் மெஷின்களில் 890 என்று பார்க்கிறீர்கள். பழைய 2,000 வாட்ஸ் மெஷினைவிட அவை மோசமாக உறிஞ்சுவதில்லை. காற்று போகும் வழியையும் தலையையும் ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவுதான். அதே விதியில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு, அவற்றை யாரும் விளம்பரம் செய்வதில்லை: மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும், ஹோஸ் 40,000 தடவை வளைத்தாலும் கிழியாமல் இருக்க வேண்டும். எனக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். என் பட்டறைக்கு வந்த கேனிஸ்டர்களில் பாதிக்கு மேல் ஹோஸ் வெடித்தோ, வயர் உள்ளே சுருட்டிக்கொள்ளாமலோதான் வந்தன. மோட்டார் எரிந்து வந்தது குறைவு.

அடுத்தது தலை. ஹோஸின் நுனியில் தரையைத் தொடுகிற பாகத்தைச் சொல்கிறேன். எலக்ட்ரோ பிரஷ் என்பது அதற்குள்ளேயே தனி மோட்டார் வைத்து உருளையைச் சுற்றுவது. கம்பளத்தின் இழைக்குள் புதைந்த மண்ணைக் கிளறி எடுக்க அது வேண்டும். உங்கள் வீட்டில் கிளற என்ன இருக்கிறது? டைல்ஸும் வினைலும். அங்கே உருளை சுற்றினால் அரிசி, மிக்ஸர் துணுக்கு எல்லாவற்றையும் பின்னால் விசிறியடிக்கும். அப்புறம் இரண்டு பேருக்கு இடுப்பு வரை முடி என்கிறீர்கள். உருளையில் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுப்பது வாராவாரம் ஒரு வேலையாகிவிடும். உங்களுக்கு வேண்டியது மென்மையான முடி வைத்த பார்க்கே பிரஷ். அகலமாக, தட்டையாக இருக்கும், கட்டிலுக்கு அடியிலும் போகும், மோட்டாரும் இல்லை, சுற்றுவதும் இல்லை.

அதனால் எலக்ட்ரோ பிரஷ்ஷுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடியுங்கள். மீலேயிலேயே நடுத்தர மாடல், நல்ல பார்க்கே பிரஷ், நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர். போதும்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.02

பட்டறை அண்ணன் சொன்ன 500 மணியை வைத்து ஒரு கணக்கு. வாரம் இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி என்றால் வருடத்துக்கு 52 மணி நேரம். 500ஐ எட்ட ஒன்பதரை வருடம் ஆகும். அதுவும் சட்டம் கேட்கிற குறைந்தபட்சம். செல்வியின் "பத்து வருடம்" பேராசை இல்லை.

ஈசூன் ராஜா | ஞாயிறு, காலை 11.20

ஐரோப்பிய விதியைப் பற்றிப் பேசினால் முழுசாகப் பேசுங்கள் அண்ணா. அந்த விதியோடு ஒரு மின்சிக்கன லேபிளும் இருந்தது. டைசன் வழக்குப் போட்டு, 2018 நவம்பரில் அந்த லேபிளையே நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் என்ன தெரியுமா? சோதனையை வெறும் பையோடு செய்தார்கள்! வீட்டில் யார் வெறும் பையோடு உறிஞ்சுகிறார்கள்? பை நிறைய நிறையக் காற்று குறையும். அதற்குத்தான் பையில்லாமல் காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கிற சைக்ளோன் வந்தது. டைசன் தலைமையகமே இங்கே நம்ம ஊரில், செயின்ட் ஜேம்ஸ் பவர் ஸ்டேஷனில் இருக்கிறது.

பட்டறைக்காரர் | ஞாயிறு, மதியம் 12.10

ராஜா தம்பி சொன்னது உண்மை, மறுக்கவில்லை. வெறும் பையில் சோதித்தது தப்புதான். பை முக்கால்வாசி நிறைந்தால் இழுப்பு குறையத்தான் செய்யும். ஆனால் சைக்ளோனிலும் ஃபில்டர் இருக்கிறது, அதைக் கழுவ வேண்டும். கழுவி ஒரு நாள் முழுக்கக் காய வைக்க வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு நாளில் காயாது. ஈரத்தோடு மாட்டி, நாற்றம் வந்து என்னிடம் தூக்கிவந்தவர்கள் நிறைய.

செயின்ட் ஜேம்ஸ் பற்றி எனக்கும் பெருமைதான். 1927இல் கட்டிய நிலக்கரி மின்நிலையம் அது, நடுவில் இரவு விடுதியாகக்கூட இருந்தது. ஆனால் தம்பி, வயர் வைத்த வேக்குவங்களை இனி உருவாக்கப்போவதில்லை என்று 2018இல் டைசனே அறிவித்துவிட்டதே. தங்கச்சி பத்து வருடம் ஓட்டக் கேட்கிறார். கம்பெனியே கைகழுவிய வகையை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஈசூன் ராஜா | ஞாயிறு, மதியம் 12.18

சரி, அது ஒரு பாயிண்ட்.

பூனைக்கு அடிமை | ஞாயிறு, மாலை 5.47

எல்லாரும் மீலே மீலே என்கிறீர்கள். மூன்று வருடமாக சி3 வைத்திருக்கிறேன். மெஷினில் குறை இல்லை. ஆனால் இந்த ஊருக்கு ஒத்துவராத விஷயம் ஒன்று இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை.

சி3யில் போடுவது ஜிஎன் பை, நீலக் கழுத்து. 4.5 லிட்டர் பிடிக்கும். பெரிய பைதானே நல்லது என்று நினைத்தேன். என் மூவறை வீட்டில் அது நிறைய ஐந்து ஆறு மாதம் ஆகிறது. அதுவரை பூனை முடி, மனித முடி, பிஸ்கட் தூள், செத்த பல்லி வால் எல்லாம் அந்த இருட்டுக்குள் ஊறும். நம் ஊர் ஈரப்பதத்தில் மூன்றாவது மாதத்திலிருந்து மெஷினை ஆன் செய்தாலே ஈரத் துணி வாடை. என் பூனைகளே அறையைவிட்டு ஓடின. பிறகு கரி ஃபில்டர் போட்டேன், கொஞ்சம் குறைந்தது. இப்போது பை பாதி நிறைந்தாலும் இரண்டரை மாதத்தில் மாற்றிவிடுகிறேன். அப்படியென்றால் பெரிய பைக்கு ஏன் காசு கொடுத்தேன்?

மீலேயின் சின்ன மாடலான காம்பாக்ட் சி2வில் போடுவது எஃப்ஜேஎம் பை, சிவப்புக் கழுத்து, 3.5 லிட்டர். நாலறைக்கு அதுவே தாராளம். உடம்பும் சின்னது.

மூக்கடைப்பு | ஞாயிறு, மாலை 6.10

ஆமாம், வாடை விஷயம் உண்மை. நானும் அனுபவித்தேன், ஏனோ எழுத மறந்துவிட்டேன். ஈரமான எதையும் உறிஞ்சாமல் இருந்தாலே பாதி தப்பிக்கலாம். குளியலறை வாசல் கால்மிதியில் வைக்கவே வைக்காதீர்கள்.

தெம்பனிஸ் தேன்மொழி | ஞாயிறு, இரவு 9.03

கொஞ்சம் வேறு விஷயம், ஆனால் தேவைப்படும். உங்கள் எல்லார் வீட்டிலும் கோலமாவு இருக்கும்.

போன தீபாவளிக்கு வாசலில் ரங்கோலி போட்டோம். மறுநாள் சோம்பேறித்தனத்தில் விளக்குமாற்றை எடுக்காமல் வேக்குவத்தால் உறிஞ்சிவிட்டேன். ஐந்தே நிமிடம். பை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால் பையில் கால்வாசிகூட இல்லை! மாவு பையின் துணிக் கண்களை உள்ளேயிருந்து பூசி அடைத்துவிட்டது. புதுப் பை வீண். திருநீறும் அப்படித்தான், சாம்பிராணிச் சாம்பலும் அப்படித்தான். பூசை அலமாரிக்கு இப்போது ஈரத் துணி மட்டும்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 9.26

தேன்மொழி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டுப் புதுப்பிப்பு முடிந்ததும் சிமெண்டுத் தூள், சுவர் தேய்த்த பவுடர் எதையும் நல்ல வேக்குவத்தில் எடுக்காதீர்கள். அதற்கு வாடகைக்குக் கிடைக்கும் பெரிய தொழில் மெஷின் வேறு. வீட்டு மெஷின் அந்தத் தூளைத் தின்றால் மோட்டாருக்குக் காற்று போகாமல் சூடாகித் தானே நின்றுவிடும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருவார்கள்.

உட்லண்ட்ஸ் வாசு | திங்கள், காலை 10.14

என் அக்கா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே தள்ளுபடியில் செபோ பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். வரும்போது எடுத்துவரச் சொல்லட்டுமா? செல்விக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

பட்டறைக்காரர் | திங்கள், காலை 10.40

வாசு, வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் சில நொடியில் புகை. மின்னழுத்தத்தைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அதுவே செங்கல் கனம், அறைக்கு அறை அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஜெர்மனியிலிருந்து வருவது வோல்ட்டில் பொருந்தும், பிளக் பொருந்தாது. அப்புறம் உத்தரவாதம் யார் தருவார்? வேக்குவம் இங்கே பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டிய பொருள்களில் ஒன்று. கடையில் வாங்கினால் அது பெட்டியிலேயே இருக்கும்.

செபோ நல்ல மெஷின்தான். 1977இல் தொடங்கியதிலிருந்து தரையைச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு தொழிலுக்குப் போகாத கம்பெனி. சுற்றிலும் மெத்தை மாதிரி இருக்கும் அந்த ஏர்பெல்ட் வழியாகத்தான் காற்று மெதுவாக வெளியேறுகிறது. மேசைக் காலில் இடித்தாலும் கீறாது. ஆனால் எந்த மெஷின் வாங்குவதற்கு முன்பும் ஒன்று செய்யுங்கள்: அதன் பை இங்கே எந்தக் கடையில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் கடைத்தொகுதியில் கிடைத்தால் சரி. ஆறு வாரம் காத்திருந்து தபாலில் வர வேண்டுமென்றால் ஐந்தாவது வாரம் உங்கள் வீட்டில் விளக்குமாறுதான்.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 11.05

உள்ளூரில் வாங்க இன்னொரு காரணம்: 2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். மருமகன் பெட்டியில் வந்த மெஷினுக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

உட்லண்ட்ஸ் வாசு | திங்கள், காலை 11.09

சரி சரி, அவனை சாக்லேட் மட்டும் கொண்டுவரச் சொல்கிறேன்.

பிடோக் பாட்டி பேத்தி | திங்கள், இரவு 8.30

இதைப் படித்ததும் எங்கள் வீட்டு அவமானத்தை எழுதத் தோன்றுகிறது.

போன வருடம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "இலவசமாக மெத்தை சுத்தம் செய்து காட்டுகிறோம்" என்று தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். குழாயின் வாயில் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டிப் பாட்டியின் மெத்தையில் இரண்டு நிமிடம் ஓட்டினார். துணியில் வெள்ளையாக ஒரு வட்டம். "பாருங்க பாட்டி, இவ்வளவு பூச்சி மேலயா நீங்க படுக்கிறீங்க?" பாட்டி அழாத குறை. மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி, மாதத் தவணை, கையெழுத்து போட்டாயிற்று.

மாலையில் வந்து நான் அதே கறுப்புத் துணிக் கதையை வீட்டிலிருந்த சாதாரண வேக்குவத்தில் செய்து பார்த்தேன். என் மெத்தையிலும் வெள்ளை வட்டம்தான். மனிதர் படுக்கிற எந்த மெத்தையிலும் வரும். பெரும்பாலும் நம் தோலிலிருந்து உதிர்ந்ததுதான்.

தப்பித்தது எப்படி என்றால், வீடு தேடி வந்து விற்கிற ஒப்பந்தத்தை 5 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம் என்று நம் ஊரில் விதி இருக்கிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்தக் கணக்கில் வராது. பயனீட்டாளர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் படித்துவிட்டு மூன்றாம் நாளே கடிதம் கொடுத்தோம். மெஷினை வந்து எடுத்துப் போனார்கள். பாட்டி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பையன் தங்கமான பிள்ளையாம்.

செங்காங் செல்வி | திங்கள், இரவு 9.15

பேத்தி, உங்கள் பாட்டியை நினைத்துச் சிரித்தேன், மன்னிக்கவும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மெத்தையில் வேக்குவம் ஓட்டினால் தூசிப்பூச்சி உண்மையில் போகுமா? மகளுக்காகத்தான் இவ்வளவு செலவு செய்ய நினைக்கிறேன்.

மூக்கடைப்பு | திங்கள், இரவு 10.02

இதில் நான் நிபுணன் இல்லை, நோயாளி. இருபது வருடம் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உயிருள்ள பூச்சி அவ்வளவு சுலபமாக வராது. கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும்; துணி இழையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அது கடிக்காது, நம் தோல் துகளைத் தின்னும், காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து வாழும். நம் ஊர் அதற்குச் சொர்க்கம். பிளோமியா டிராப்பிகாலிஸ் என்று வெப்பநாட்டுக்கே உரிய வகை ஒன்று இங்கே சகஜம். தும்ம வைப்பது பூச்சியின் எச்சமும் செத்த உடல் துணுக்கும். அவை வேக்குவத்தில் வரும்.

வேக்குவத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், பூச்சி அதில்தான் சாகும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த ஒவ்வாமை உறை போடுங்கள். என் தும்மலைப் பாதியாகக் குறைத்தது அந்த உறைதான், மீலே இல்லை. மெஷினை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

பட்டறைக்காரர் | செவ்வாய், காலை 6.50

ஹெப்பா பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஹெச்13 என்றால், பிடிக்க மிகக் கஷ்டமான அளவுத் துகளில்கூட 99.95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று பொருள். பூச்சியின் எச்சம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் ஹெச்13ஆ 14ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். காற்று அந்த ஃபில்டர் வழியாகத்தான் வெளியே போகிறதா என்று பாருங்கள். விலை மலிவான மெஷின்களில் ஃபில்டர் ஹெப்பாதான், ஆனால் மூடி இறுக்கமாக உட்காராது. காற்று ஓரமாக நழுவிவிடும். பட்டறையில் திறந்தால் மூடியின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டிருக்கும். நல்ல மெஷினுக்குக் கூடக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி அந்த விளிம்பு ரப்பருக்குத்தான் என்று நான் சொல்வதுண்டு. 2013 ஜூனில் புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை போனபோது ஹெப்பா கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கோட்டைத்தான் காட்டினேன்.

கடைக்குப் போனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்ப்பது நீங்கள் இல்லை, அவர்.

ஜூரோங் ஜீவா | செவ்வாய், மதியம் 1.33

நான் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். போன மாதம்தான் கேனிஸ்டர் வாங்கினேன். பெயர் பெற்ற ஐரோப்பிய பிராண்டுதான். டைல்ஸில் உப்புக்கல், மணல் ஒன்றுமே வரவில்லை, தலை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. பழைய ரோபோவே தேவலை.

பட்டறைக்காரர் | செவ்வாய், மதியம் 1.50

ஜீவா, தலையின் மேல் காலால் அழுத்துகிற பெடல் இருக்கிறதா? ஒரு தடவை மிதியுங்கள். அடியில் முடி வரிசை வெளியே வருகிறதா?

ஜூரோங் ஜீவா | செவ்வாய், இரவு 7.12

...வருகிறது. இப்போது உறிஞ்சுகிறது. முப்பது நாள் கம்பள நிலையில் வைத்து டைல்ஸைத் தேய்த்திருக்கிறேன். யாரும் சிரிக்கக் கூடாது.

பூனைக்கு அடிமை | செவ்வாய், இரவு 7.15

சிரிக்கவில்லை. (சிரித்தேன்.)

செங்காங் செல்வி | ஞாயிறு, இரவு 8.48

வாங்கியாயிற்று! நேற்று அம்மாவோடு கடைக்குப் போனோம். சி3யைத் தூக்கச் சொன்னேன். இடுப்பு வரை தூக்கிவிட்டு, "குண்டுப் பிள்ளை" என்று இறக்கி வைத்துவிட்டார். எங்கள் வேக்குவம் இருக்கப்போவது பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறை). அதன் வாசல்படி உயரம். தினமும் தூக்கித்தான் இறக்க வேண்டும். சி2வைத் தூக்கியதும் முகம் மாறவில்லை. அங்கேயே முடிவாகிவிட்டது.

காம்பாக்ட் சி2, பார்க்கே பிரஷ், ஹெப்பா ஃபில்டர், இரண்டு பெட்டி பை. பட்ஜெட்டில் மிஞ்சிய காசில் மூன்று மெத்தைக்கும் ஜிப் உறை வாங்கிவிட்டேன், மூக்கடைப்புக்கு நன்றி. எலக்ட்ரோ பிரஷ் இல்லையா என்று விற்பனையாளர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பட்டறை அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை அம்மா முதல் தடவை ஓட்டினார். எப்படித் தெரியுமா? முதலில் விளக்குமாற்றால் வீடு முழுக்கப் பெருக்கி, குப்பையை ஹாலில் ஒரு குவியலாகச் சேர்த்து, அந்தக் குவியலை மட்டும் வேக்குவத்தால் எடுத்தார்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 9.05

விடுங்கள். ஒரு மாதத்தில் மாறிவிடுவார். வயரை இழுத்துக் கழற்றாமல், பிளக்கைப் பிடித்துக் கழற்றச் சொல்லுங்கள், அது போதும்.

செங்காங் செல்வி | பதினொரு வாரம் கழித்து, புதன், காலை 9.20

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். அவசரம். மகள் தும்மல் குறைந்துவிட்டது, மெஷினிலும் குறை இல்லை, அம்மா இப்போது விளக்குமாற்றைத் தேடுவதே இல்லை. பிரச்சினை வேறு. பை மாற்ற வேண்டும் என்று போன வாரம் அவரிடம் சொல்லியிருந்தேன். இன்று திறந்து பார்த்தால் உள்ளே அதே பழைய பை. "நல்ல துணிப்பை, எதுக்குத் தூக்கிப் போடணும்" என்று அடியைக் கத்தரித்து, தூசியைக் கொட்டி, மடித்து ஸ்டேப்ளர் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார். ஒரு வாரமாக அப்படித்தான் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பட்டறைக்காரர் | புதன், காலை 9.31

போயிருக்காது. பையை எடுத்துவிடுங்கள். பை இருந்த குழிக்குள் பின்பக்கம் சின்னதாக ஒரு ஃபில்டர் இருக்கும், மோட்டாருக்கு முன்னால். அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் சாம்பல் என்றால் பரவாயில்லை. கறுத்திருந்தால் மாற்றுங்கள், பைப் பெட்டியிலேயே புதுசு ஒன்று கிடக்கும். குழியை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டுப் புதுப் பை போடுங்கள்.

செங்காங் செல்வி | புதன், காலை 10.12

கறுப்பு. மாற்றிவிட்டேன், துடைத்துவிட்டேன், சத்தம் பழையபடி இருக்கிறது. நன்றி அண்ணா. மிச்சமிருக்கிற ஆறு பையையும் என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.